இழுத்துப் பார்க்காத முடிச்சு

மலைக்காட்டு ஓடையின் குறுக்கே ஒரு கொடிப்பாலம் தொங்கியது. முதல் கொடியைப் போட்டது கரியன் என்ற குரங்கு. பிறகு மனம் வந்தவர்கள் எல்லாம் வந்து ஆளுக்கொரு முடிச்சுப் போட்டார்கள். யார் வேண்டுமானாலும் கடக்கலாம், யார் வேண்டுமானாலும் சரிசெய்யலாம். ஒரே ஒரு வழக்கம்தான்: ஒருவர் போட்ட முடிச்சை இன்னொருவர் இழுத்துப் பார்க்க வேண்டும். தாங்கினால்தான் அது பாலத்தில் சேரும்.

செம்பி என்ற அணில் அந்தக் காட்டுக்குப் புதிது. பாலத்தில் துள்ளிப் போன அது, கரையோர மரத்தருகே சட்டென்று நின்றது.

"கரியண்ணே! மரத்துல கட்டின முடிச்சு நழுவுது! பச்சைக் கொடியில போட்டிருக்கீங்க, காய்ஞ்சதும் சுருங்கிடுச்சு. காய்ஞ்ச கொடியை ஊறவெச்சுக் கட்டினா பிடி விடாது. என் கூட்டுக்குன்னு ஊறப்போட்ட கொடி இருக்கு, மாத்திடட்டுமா?"

"நேத்து வந்த பொடிசு எனக்குப் பாடம் நடத்துதா? அது நான் போட்ட முடிச்சு!"

"சரி, அதை இழுத்துப் பார்த்தது யாரு?"

"என் முடிச்சை எதுக்கு இழுக்கணும்? இந்தப் பாலத்தை ஆரம்பிச்சதே நான்!"

"ஆரம்பிச்சவர் போட்டா அவிழாதா? வழக்கம்னா எல்லாருக்கும்தானே!"

அந்த நேரம் பார்த்து நரி வந்தது. தினமும் கடக்கிற நரி. "என்னய்யா பாலம் இது, தொட்டில் மாதிரி ஆடுது! நாளைக்குள்ள சரி பண்ணலைன்னா காடு முழுக்கச் சொல்லிடுவேன்!"

கரியனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "கேட்டியா செம்பி? குறை சொல்ல மட்டும் கூட்டமா வர்றாங்க. இழுத்துப் பாருங்கன்னு கூப்பிட்டுக் கூப்பிட்டு என் தொண்டைதான் வறண்டுச்சு. அலுத்துப்போய் விட்டுட்டேன்!"

செம்பிக்கு அது நியாயமாகவே பட்டது. ஆனாலும் விடவில்லை. "உங்க அலுப்பு நியாயம்ணே. அதுக்காக நழுவுற முடிச்சு நின்னுடுமா?"

அதற்குள் முள்ளம்பன்றி மூச்சிரைக்க ஓடி வந்தது. "மேல மழை இறங்கிடுச்சு! அக்கரையில என் குட்டிங்க இருக்கு. வெள்ளம் வந்தா வளைக்குள்ள தண்ணி புகுந்துடும். வழி விடுங்க!"

பாலத்தில் கால் வைக்கப் போன அதன் முன்னால் செம்பி பாய்ந்தது. "அக்கா, ஒரு நிமிஷம்! நரியாரே, எனக்கு எடை பத்தாது. அந்த முடிச்சைக் கவ்வி இழுங்க!"

"நானா? நான் கடக்கிறவன், கட்டுறவன் இல்லையே!"

"கடக்கிறவருக்குப் பல்லு கிடையாதா?"

முள்ளம்பன்றி முட்களைச் சிலிர்த்தது. நரி முன்னால் வந்து முடிச்சைக் கவ்வி இழுத்தது.

முடிச்சு அப்படியே உருவிக்கொண்டு வந்தது. பாலம் ஒரு பக்கமாகச் சரிந்து தொங்கியது.

கரியன் பாலத்தைப் பார்த்தது. முள்ளம்பன்றியைப் பார்த்தது. "செம்பி, உன் கொடியைக் கொண்டா. சீக்கிரம்!"

செம்பி ஊறிய கொடியைக் கொடுக்க, கரியன் கட்டியது. நரி இழுத்தது. அசையவில்லை.

"பக்கத்து முடிச்சும் நான் போட்டதுதான்," என்றது கரியன். "அதையும் இழு!"

அதுவும் நழுவியது. அதையும் மாற்றிக் கட்டினார்கள், இழுத்துப் பார்த்தார்கள். முள்ளம்பன்றி அக்கரைக்கு ஓடியது. குட்டிகளை முன்னே விட்டு அது திரும்பி வந்து இறங்கவும், செம்மண் நிறத்தில் வெள்ளம் இரைந்து வரவும் சரியாக இருந்தது. பாலம் ஆடியது. ஆனால் தாங்கியது.

வெள்ளம் வடிந்த பிறகும் நரி திருந்திவிடவில்லை. "இது யார் போட்டது? தொளதொளன்னு இருக்கே!" என்று கத்திக்கொண்டுதான் இருக்கிறது. ஆனால் இப்போது இழுத்துப் பார்த்துவிட்டுக் கத்துகிறது. அந்தச் சத்தத்தைக் கேட்டு முள்ளம்பன்றிக் குட்டிகள் மாற்றிக் கட்ட ஊறிய கொடியை இழுத்துக்கொண்டு ஓடி வருகின்றன.

எல்லோருக்குமான வேலையில், தொடங்கியவர் என்பதற்காகச் சோதனைக்கு அப்பாற்பட்டவரும் இல்லை, பயன்படுத்துபவர் என்பதற்காகக் கைகட்டி நிற்க உரிமை உள்ளவரும் இல்லை.