எத்தனை தடவை

"இதுல நான் கையெழுத்துப் போட மாட்டேன் சார்" என்றார் மும்தாஜ்.

இருதயராஜ் நீட்டிய தாள்கள் மேசைமேல் கிடந்தன. முப்பத்திரண்டு கேள்விகள். எழுதுவதைப் பற்றி மாணவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்று அவர்களிடமே நேரில் கேட்பதுதான் அவருடைய ஆய்வு.

அவருக்கு ஐம்பத்தொரு வயது. உயர்நிலைப் பள்ளியில் தமிழாசிரியர். நெறியாளர் மும்தாஜுக்கு முப்பத்தாறு. இவர் மேடம் என்பார். அவர் சார் என்பார்.

"என்ன தப்பு மேடம்?"

"தப்புன்னு சொல்லல. முதல் கேள்வியைப் படிங்க."

"'உனக்கு எழுதப் பிடிக்குமா?'"

"சொல்லுங்க."

"என்னையா கேக்குறீங்க?"

"இந்த ரூம்ல வேற யார் இருக்கா?"

"பிடிக்கும்."

"கடைசியா என்ன எழுதுனீங்க?"

"இந்தக் கேள்விகளைத்தான்."

"அதுக்கு முன்னாடி?"

"பாடக்குறிப்பு."

"அதுக்கும் முன்னாடி?"

"போன வருஷத்துப் பாடக்குறிப்பு." கொஞ்சம் யோசித்தார். "ரெண்டும் ஒண்ணுதான். தேதியை மட்டும் மாத்துனேன்."

மும்தாஜ் சிரித்தார். இருதயராஜும் சிரித்தார். கையெழுத்து விழவில்லை.

"வெள்ளிக்கிழமை ஆய்வுக் குழு கூடுது மேடம். அதை விட்டா ஆறு மாசம். அதுக்குள்ள பிள்ளைங்க பரீட்சை எழுதிட்டுப் போயிருவாங்க."

"இன்னிக்குச் செவ்வாய்தானே. ஒரே ஒரு பிள்ளைகிட்ட, முதல் கேள்வியை மட்டும் கேட்டுட்டு வாங்க. தாள் வேண்டாம்."

மும்தாஜ் தாள்களை அள்ளி மேசை இழுப்பறைக்குள் வைத்துக்கொண்டார்.

*

புதன்கிழமை சாயங்காலம் இருதயராஜ் வந்து உட்கார்ந்தார்.

"யாரைக் கேட்டீங்க?"

"சுடர்க்கொடின்னு ஒரு பிள்ளை. ஒன்பதாம் வகுப்பு. நல்லா வாய் பேசுவா. அதான் அவளைப் பிடிச்சேன்."

"என்ன சொன்னா?"

"பதிலே சொல்லல. எந்திரிச்சு நின்னா. என்னையத் திருப்பிக் கேட்டா."

"என்னன்னு?"

"'எத்தனை தடவை சார்?'னு."

மும்தாஜ் பேனாவைக் கீழே வைத்தார்.

"போன வாரம் பாடம் நடத்துறப்போ பேசிக்கிட்டே இருந்தா. ஒரு பாட்டைத் திருப்பித் திருப்பி எழுதிட்டு வரச் சொன்னேன். அது மாதிரின்னு நினைச்சிருக்கா."

"நீங்க என்ன பதில் சொன்னீங்க?"

"ஒண்ணும் சொல்லல."

"ஒண்ணுமேவா?"

"வாய் வரைக்கும் வந்துச்சு மேடம்."

"எவ்வளவு?"

"ஐம்பது."

இந்த முறை இருதயராஜ்தான் முதலில் சிரித்தார்.

"கேள்வியை வேணா மாத்திரட்டுமா? எழுதறதுன்னு இல்லாம 'படைப்பாக்கச் செயல்பாடு'ன்னு போட்டா..."

"அதுக்கு எந்திரிச்சுக்கூட நிக்க மாட்டா."

"அப்ப நான் என்னதான் செய்ய?"

"அவ ஒண்ணு கேட்டுட்டு நிக்கிறா. முதல்ல அதுக்குப் பதில் சொல்லுங்க. பெறகு அவ என்ன சொன்னாலும் எழுதிக்கோங்க. எழுதுனதை அவகிட்டயே படிக்கக் குடுங்க. தான் சொன்னது இதுதான்னா அவ கீழ பேர் எழுதட்டும். அந்தப் பேருக்குக் கீழ நான் கையெழுத்துப் போடுறேன்."

"என்னோட முப்பத்திரண்டு கேள்வி?"

"பத்திரமா இருக்கு" என்று இழுப்பறையைத் தட்டினார்.

*

வியாழக்கிழமை மதியம். சுடர்க்கொடி டிபன் பாக்ஸைக் கழுவிக்கொண்டு வந்தாள். வகுப்பில் இருதயராஜ் மாணவர்களின் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். கால்களை எங்கே வைப்பதென்று அவருக்குத் தெரியவில்லை.

"ஒரு தடவையும் வேண்டாம்" என்றார்.

"எது சார்?"

"நேத்து நீ கேட்டியே."

அவள் நம்பவில்லை. "அப்ப எதுக்கு சார் எழுதப் பிடிக்குமான்னு கேட்டீங்க?"

அவருடைய முப்பத்திரண்டு கேள்விகளில் இந்தக் கேள்வி இல்லை.

"தெரிஞ்சுக்கத்தான்."

"மார்க் உண்டா?"

"கிடையாது."

"எங்கம்மாவைக் கூட்டிட்டு வரச் சொல்வீங்களா?"

"மாட்டேன்."

எதிர் பெஞ்சில் உட்கார்ந்தாள். டிபன் பாக்ஸிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"எங்கம்மா சாயங்காலம் பலகாரக் கடை போடுறாங்க சார். கடையில ஒரு கரும்பலகை இருக்கு. அதுல நான்தான் எழுதுவேன். மாவு தீர்ந்துட்டா, 'பணியாரம் இல்லை'ன்னு எழுதுடின்னு சொல்வாங்க."

"ம்."

"நான் அப்படி எழுத மாட்டேன். இல்லைன்னு போட்டா, படிச்சவங்க மூஞ்சி ஒரு மாதிரி ஆயிரும் சார். பேசாமப் போயிருவாங்க. அதனால 'பணியாரம் நாளை'ன்னு எழுதுவேன்."

"அம்மா திட்ட மாட்டாங்களா?"

"நல்லாத் திட்டுவாங்க. 'நாளைக்கும் நான் மாவாட்டணும்னு நீ எழுதி வைக்கிறியா'ன்னு." சிரித்தாள். "ஆனா மறுநாள் வர்றாங்க சார். முந்தின நாள் திரும்பிப் போனவங்களே வர்றாங்க. வந்து பலகையைப் பார்த்துட்டுத்தான் உட்காருவாங்க."

இருதயராஜ் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார். பலகையில் எழுதும்போது வரும் நிதானம் கையில் இல்லை. வரிகள் ஒரு பக்கமாகச் சரிந்தன.

"இதெல்லாமா எழுதுறீங்க?"

"ஆமா."

"எத்தனை தடவை சார்?"

நிமிர்ந்து பார்த்தார். அவள் முகத்தை வைத்துக்கொண்டிருந்த விதத்தில் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"ஒரே தடவை."

நோட்டை அவள் பக்கம் திருப்பி வைத்தார். "நீ சொன்னதுதானா பாரு. சரியா இருந்தா கீழ உன் பேரை எழுது."

விரலை வைத்து வரிவரியாகப் படித்தாள். மணி அடித்தது. மற்ற பிள்ளைகள் உள்ளே வரத் தொடங்கினார்கள். அவள் அவசரப்படவில்லை.

"நான் சொன்னதுதான் சார்."

அவர் பேனாவை வாங்கி, கீழே இனிஷியலோடு பெயரை எழுதினாள். பிறகு நான்காவது வரிக்குப் போய், 'பணியாரம நாளை' என்று இருந்த இடத்தில், 'ம'வின் தலையில் ஒரு புள்ளி வைத்தாள்.