குப்பாண்டி உருட்டிய மொய்

அந்தக் காலத்தில், மாடும் வண்டும் ஒரே பேச்சுப் பேசிக்கொண்டிருந்தபோது, ஒரு மந்தைவெளியில் நடந்தது இது. அன்று சாயங்காலம் அங்கே கூடியிருந்தவர்கள்: பசு மூன்று, எருமை ஒன்று, வெள்ளாடு இரண்டு, உண்ணிக்கொக்கு ஒன்று, கரிச்சான் குருவி ஒன்று, மைனா இரண்டு. ஆகப் பத்துப் பேர். எறும்புகளும் வந்திருந்தன. ஆனால் அவை நின்ற இடத்தில் நிற்காததால் எண்ண முடியவில்லை. இவர்கள் எல்லாம் விருந்தாளிகள். விசேஷ வீட்டுக்காரர்கள் இருவர்: சாணி வண்டு குப்பாண்டி, அவன் மனைவி மூக்காயி.

மூக்காயி முதல் முட்டை வைக்கப் போகிறாள். அதுதான் விசேஷம்.

குப்பாண்டிக்கு அதுவரை சொத்து என்று ஒன்றும் கிடையாது. கிடைத்த இடத்தில் தின்பான், விழுந்த இடத்தில் தூங்குவான். அவனுக்குத் தெரிந்தது ஆட்டம் ஒன்றுதான். மாடுகள் மேய்ந்து திரும்பும் நேரத்தில் புழுதியில் இறங்கி, ஆறு காலில் மூன்றைத் தூக்கிக்கொண்டு ஒரு சுற்று, மற்ற மூன்றைத் தூக்கிக்கொண்டு மறு சுற்று. ஈ கடித்த மாடு வாலை வீச மறந்து பார்த்துக்கொண்டு நிற்கும். யாருக்காக ஆடுகிறாய் என்று கேட்டால் அவனுக்குப் பதில் சொல்லத் தெரியாது. உடம்பு சுற்றும்போது உள்ளே ஏதோ இனித்தது, அவ்வளவுதான்.

விசேஷம் என்றால் மொய் உண்டு அல்லவா? அந்த வெளியில் மொய் என்றால் சாணிதான். வண்டுக்குச் சோறும் அதுதான், வீடும் அதுதான். மாடுகள் தங்களுடையதை வைத்தன. ஆடுகள் புழுக்கை வைத்தன. பறவைகள் அலகால் கிள்ளி எடுத்து வந்து வைத்தன. எறும்புகள் ஆளுக்கொரு துணுக்கு வைத்துவிட்டு, "நாங்க வெச்சதை நாங்க மறக்க மாட்டோமுங்க" என்று ஒரு வார்த்தையும் சேர்த்து வைத்தன.

குப்பாண்டி எல்லாவற்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக அப்பி உருட்டினான். உருண்டை அவனைவிடப் பெரிதாகிவிட்டது. சுற்றி வந்து பார்த்தான். இத்தனையும் எனக்கா என்று நெஞ்சு விம்மியது. உடனே எறும்பு சொன்னது நினைவுக்கு வந்தது. வைத்த மொய்யைத் திருப்பிச் செய்ய வேண்டுமே! அப்படியானால் இது என் சொத்தா, என் கடனா? சொத்து என்று நினைத்தால் திருடனைப் பற்றிப் பயம் வந்தது. கடன் என்று நினைத்தால் அந்தப் பயம் இரட்டிப்பானது.

மூக்காயி வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தாள். "ஏனுங்க, எருமையக்கா நிக்கற தாழ்வுல மண்ணு ஈரமா இருக்குது. இருட்டறதுக்குள்ள உருண்டையப் புதைச்சுப்போட்டா, அதுக்குள்ள முட்டைய வெச்சுருவேன். நாளைக்கு வெயில் ஏறுனா மண்ணு ஓடாட்டம் ஆயிருமுங்க. நான் அதுவரைக்கும் தாங்க மாட்டேன்."

"புதைக்கறதா? நாளைக்கு அவங்க வீட்டு விசேஷம் வந்தா எதைப் புள்ள திருப்பி வெக்கறது?"

"அப்ப என்ற முட்டைய எங்க வெக்கறது? உங்க தலை மேலயா?"

குப்பாண்டி உருண்டையின் பின்னால் போய் நின்றான். முதலில் உருண்டையைப் பத்திரமான இடத்துக்குக் கொண்டுபோவோம், யோசனையை அப்புறம் வைத்துக்கொள்வோம் என்று முன்னங்காலால் தள்ளத் தொடங்கினான்.

மைனா ஒன்று இன்னொன்றிடம் சொன்னது: "பாத்தியா, மொய் வெச்சவங்களுக்கு முதுகைக் காட்டிட்டுப் போறான். பணம் வந்தா இப்படித்தான்."

குப்பாண்டிக்கு வெட்கமாகிவிட்டது. விருந்தாளிகள் பக்கம் திரும்பினான். மரியாதையாகத் தலையைத் தரைவரை கவிழ்த்தான். பின்னங்கால்களைத் தூக்கி உருண்டைமேல் வைத்து, கும்பிட்டபடியே பின்பக்கமாகத் தள்ளிக்கொண்டு போனான். மரியாதை சரியாக வந்தது. ஆனால் போகிற வழிதான் தெரியவில்லை. கல்லைச் சுற்றி, புல்லைச் சுற்றி, கடைசியில் தாழ்வில் நின்ற எருமையின் குளம்பில் போய் முட்டினான்.

எருமை குனிந்து பார்த்தது. "என்னப்பா, அதுக்குள்ள திருப்பிக் குடுக்க வந்துட்டியா?"

குப்பாண்டி உருண்டைக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டான்.

"தம்பி, அதை ஓரமா வெச்சுட்டு ஒரு ஆட்டம் ஆடு சாமி," என்றது செவலைப் பசு. "அதைப் பாக்கத்தானே வந்தோம்."

"யாராச்சும் உருண்டைய எடுத்துட்டா, அக்கா?" அவன் கொக்கைப் பார்த்தான். "கொஞ்சம் பாத்துக்கறீங்களா?"

"ஒரு கண்ணு உண்ணி மேல இருக்கும். இன்னொரு கண்ணு வேணும்னா தர்றேன்," என்றது கொக்கு.

எறும்புகளைப் பார்த்தான். "எங்ககிட்ட வந்தது எங்ககிட்டயே இருக்குமுங்க," என்றன அவை. அவன் உருண்டையைக் கட்டிப் பிடித்துக்கொண்டான்.

கரிச்சான் பசுவின் முதுகில் இருந்தபடி சிரித்தது. "ஏப்பா குப்பாண்டி, ஆடவும் மாட்டேங்கறே, புதைக்கவும் மாட்டேங்கறே. உருண்டை உன்னுதா, இல்லே நீ உருண்டையோட ஆளா?"

சூரியன் பனைமட்டைக்குக் கீழே இறங்கிவிட்டது. கால்கள் ஆடத் தவித்தன. கைவிட மனம் வரவில்லை. விட்டுவிட்டு ஆட முடியாது, ஆடாமலும் இருக்க முடியாது. என்ன செய்வான் பாவம்? உருண்டையின் மேலேயே ஏறிவிட்டான்.

ஏறி, மெல்ல ஒரு சுற்றுச் சுற்றினான். கால் வழுக்கியது, சமாளித்தான். இன்னொரு சுற்று. பழைய இனிப்பு உள்ளே எங்கிருந்தோ ஊறி வந்தது. மொய் மறந்தது, எறும்பு மறந்தது. ஆடுகள் அசை போடுவதை நிறுத்தின. குப்பாண்டி சுற்றிக்கொண்டே இருந்தான்.

திடீரென்று பார்த்தால் விருந்தாளிகள் எல்லாரும் உயரமாகத் தெரிந்தார்கள். அவர்கள் வளர்கிறார்களா, நான் குறுகுகிறேனா? தலை கிறுகிறுத்தது. நின்று குனிந்து பார்த்தான். உருண்டை பாதிக்குமேல் மண்ணுக்குள் இருந்தது.

"நிறுத்தாதீங்க!" கீழேயிருந்து மூக்காயியின் குரல் வந்தது. "நீங்க மேல இருந்து அமுக்குங்க, நான் கீழ மண்ணைப் பறிக்கறேன்."

"அடிப்பாவி, மொய் போச்சே!" குப்பாண்டி அழாத குறையாகச் செவலையைப் பார்த்தான். "அக்கா, உங்களுக்கெல்லாம் இனி எதைத் திருப்பி வெப்பேன்?"

செவலைக்கு அவன் கேட்டதே விளங்கவில்லை. கரிச்சான்தான் சொன்னது: "இத்தனை மழைக்காலமா நீ ஓசியிலதானே ஆடுனே? அதுக்கு நாங்க என்னிக்காச்சும் ஏதாச்சும் குடுத்தோமா? இன்னிக்கு நாங்க வெச்சதுதாம்பா திருப்பு மொய்."

எறும்புகள் கூடிப் பேசின. "நாங்க நடந்துக்கிட்டேதானே பாத்தோம்?"

"அப்ப உங்களுக்கு மட்டும் பாதிக் கணக்கு, வெச்சதுல பாதி திரும்பி வரும்," என்றது கரிச்சான். எருமைகூடச் சிரித்துவிட்டது.

குப்பாண்டிக்கு இது புரிந்ததா என்றால், புரியவில்லை. நான் யாருக்கும் கடனாக ஆடவில்லையே? எனக்கு இனித்தது, ஆடினேன். இனித்ததற்கு மொய்யா? யோசிப்பதற்காக இன்னொரு சுற்றுச் சுற்றினான். உருண்டை இன்னும் கொஞ்சம் இறங்கியது. அதன்பிறகு இறங்கவில்லை.

"பெருசாப் போச்சுங்க. குழிக்கு அடங்காது," என்று மேலே வந்தாள் மூக்காயி. பக்கங்களைச் சீவி எடுத்தாள். ராத்திரிக்கு இருவரும் தின்ன ஒரு பங்கு வைத்தாள். மீதியை எறும்புகள் பக்கம் தள்ளி, "இந்தாங்க, உங்க பாதி," என்றாள். இத்தனை கவலைப்பட்டுக் காத்ததை இவள் இத்தனை எளிதாகப் பிரித்துவிட்டாளே என்று குப்பாண்டி வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தான். அதைச் சுமந்தபோது தான் ஆடாமல் இருந்ததை நினைத்தான். கொஞ்சம் புரிந்தது போலவும் இருந்தது. மண் மூடி முடித்தபோது வெளிச்சம் போயிருந்தது. அதற்குள் முட்டை வைத்தாகிவிட்டது.

அன்று முதல்தான் சாணி வண்டு, தலையைத் தரையில் கவிழ்த்து, பின்னங்காலால் உருண்டையைத் தள்ளிப் போகிறது. பாதி வழியில் திசை தெரியாதது போல நின்று, அதன் மேல் ஏறி ஒரு சுற்று ஆடிவிட்டு இறங்குகிறது. வெளியெல்லாம் சாணி கொட்டிக் கிடந்தாலும், தான் ஏறி ஆடக்கூடிய அளவுக்கு மேல் அது சேர்ப்பதில்லை. தின்றது போக, கொடுத்தது போக, மண்ணுக்குள் மிச்சம் உருண்டை ஒன்று, அதற்குள் முட்டை ஒன்று.