பசலி வாய் திறந்த குளிர்காலம்

கண்ணுக்குத் தெரியாத உயிர்களுக்கும் பேச்சு இருந்த அந்தக் காலத்தில், பூமியின் தென்கோடியில், பனிக்கட்டி மூடிய கடலில் பச்சைக் கூட்டம் என்று ஒன்று வாழ்ந்தது. கடுகில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இருக்க மாட்டார்கள். வெயிலைக் குடித்தே வயிற்றை நிரப்புவார்கள். அவர்களுக்கும் வாய் இருந்தது. ஆனால் பேசுவதற்கு மட்டும்தான் அதைத் திறப்பார்கள். ‘நாம் ஓர் உயிரையும் கொன்றதில்லை’ என்பதில் அவர்களுக்கு அவ்வளவு பெருமை.

அந்தப் பெருமை கோடைக்குத்தான் சரிப்பட்டது. அங்கே சூரியன் ஒருமுறை இறங்கினால் நான்கு மாதம் தலைகாட்டாது. இருட்டுக்குள் பத்துப் பேர் போனால் ஒருவர் மீண்டு வருவதே பெரிய காரியம்.

பசலி இரண்டு குளிர்காலங்களைத் தாண்டியவள். மூன்றாவது வந்தபோது அவளுக்கு அலுத்துப்போயிருந்தது. பனிக்கட்டியின் அடியில் அக்கா படரியோடு ஒட்டிக்கொண்டு கிடந்தாள். கோடையில் சேர்த்து வைத்த கொழுப்பு நாளுக்கு நாள் கரைந்தது. வாலை அசைக்கவும் மனம் வரவில்லை.

“இன்னும் எத்தனை நாள்டி?” என்றாள் படரி.

“தெரியலைக்கா. பேசாம இரு. பேசினா இருக்கிற தெம்பும் போயிடும்.”

பக்கத்தில் துகளன் மிதந்துகொண்டிருந்தான். அவன் பாக்டீரியாக் கூட்டத்தைச் சேர்ந்தவன். பசலியில் பத்தில் ஒரு பங்கு இருப்பான். செத்தவர்களைத் தின்பதுதான் அவர்கள் பிழைப்பு. இருட்டு அவர்களை ஒன்றும் செய்வதில்லை. இருட்டு தொடங்கியதிலிருந்து சகோதரிகளோடு பேச்சுத்துணைக்கு இருந்தவன் அவன் ஒருவன்தான். அன்று அவன் படரியை ஒருமுறை சுற்றி வந்தான்.

“என்ன பார்க்கிறே?” என்று கேட்டாள் பசலி.

“உங்க அக்காவுக்கு நாளைக்கோ மறுநாளோதான். எங்க ஆளுங்க காத்துக்கிட்டு இருக்காங்க. கோவிச்சுக்காதீங்க.”

பசலிக்குக் கோபம் வரவில்லை. கோபப்படவும் தெம்பு வேண்டுமே. “போன குளிர்காலத்துல எங்க தங்கச்சியையும் நீங்கதான் தின்னீங்களா?”

“ஆமா. அதுக்கு முந்தின வருஷத்து ஆளுங்களையும் நாங்கதான். எங்க உடம்புல இருக்கிறது பூரா நீங்க குடிச்ச வெயில்தானே.”

பசலி அவன் பக்கம் திரும்பினாள். “அப்போ, உன்னைத் தின்னா?”

துகளன் சிரித்தான். “உங்க ஆளுங்க யாரும் அப்படிச் செஞ்சதில்லையே.”

அவன் நகரவில்லை. பச்சைக் கூட்டத்தாரைப் பார்த்துப் பயப்பட வேண்டும் என்று அவனுக்கு யாரும் சொல்லித்தந்ததில்லை. பசலி வாயைத் திறந்தாள். ஒரு நொடிதான். அவன் இருந்த இடம் காலியாகிவிட்டது.

உடம்புக்குள் மெல்லச் சூடு பரவியது. இரண்டு மாதமாக மறந்திருந்த சூடு. அவள் அக்காவை உலுக்கினாள்.

“அக்கா, வாயைத் திற. சுத்தி நிறையப் பேர் இருக்காங்க. தின்னா உயிர் நிக்குது.”

படரி சுற்றும் முற்றும் பார்த்தாள். “துகளன் எங்கே?”

பசலி அக்காவிடமிருந்து சற்று விலகினாள்.

“இவ்வளவு நேரம் நம்மகூடப் பேசிக்கிட்டிருந்தானேடி.”

“ஆமாக்கா.”

படரி கண்ணை மூடிக்கொண்டாள். “உன்னைத் தப்புன்னு சொல்லலை. நீ தின்னு, பிழைச்சுக்கோ. என்னால ஆகாது. எனக்குப் போதும்.”

மூன்றாம் நாள் படரியின் உயிர் அடங்கிவிட்டது. துகளனின் ஆட்கள் வந்து அவளைச் சூழ்ந்தார்கள். பசலி தடுக்கவில்லை. அவர்கள் தின்று முடிக்கும்வரை காத்திருந்தாள். பிறகு அவர்களில் நால்வரை விழுங்கினாள்.

சூரியன் திரும்பி வந்தது. பச்சைக் கூட்டத்தில், கெட்டியான ஓட்டுக்குள் உறங்கிக் கிடந்து தப்பித்த சிலர் விழித்துக்கொண்டார்கள். பசலி தெம்பாக நீந்துவதைக் கண்டதுமே அவள் எதையோ தின்றுதான் பிழைத்தாள் என்பது அவர்களுக்குப் புரிந்துவிட்டது.

“தின்கிற வாயை மூடு. இல்லையென்றால் பச்சையை விட்டுவிடு. இரண்டையும் வைத்துக்கொண்டு எங்களோடு இருக்க முடியாது,” என்றார்கள்.

“வெயில் இருந்தா குடிப்பேன். இல்லேன்னா தின்பேன்,” என்றாள் பசலி. “இதுக்கு மேல வாதாட என்னால முடியாது.” சொல்லிவிட்டு ஒதுங்கிப்போனாள்.

நடுக்கோடையில் இன்னொரு சோதனை வந்தது. வெயில் கொட்டிக் கிடந்தது. ஆனால் வெயிலோடு சேர்த்து அவர்களுக்கு வேண்டியிருந்த, தண்ணீரில் கரைந்த சத்து தீர்ந்துவிட்டது. வெயிலை மட்டும் குடித்தவர்கள் வெளுத்து மெலிந்தார்கள். பசலிக்கு வேண்டிய சத்து அவள் விழுங்கியவர்களின் உடம்பிலேயே இருந்தது. அவள் உடல் பிளந்து இரண்டானாள், நான்கானாள். பிறந்தவர்களும் பச்சையாகவே இருந்தார்கள். பசித்தபோது வாயையும் திறந்தார்கள்.

அடுத்த இருட்டு நெருங்கியபோது, அவளை ஒதுக்கியவர்கள் ஒவ்வொருவராக, மற்றவர் பார்க்காமல் அவளிடம் வந்தார்கள். “எப்படித் தின்பது?” என்று கேட்டார்கள். பசலி யாரையும் குத்திக் காட்டவில்லை. பக்கத்தில் வந்த பாக்டீரியாக் கூட்டத்தான் ஒருவனை விழுங்கிக் காட்டினாள். சிலர் செய்து பார்த்தார்கள். சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்கள்.

அவள் வாய் திறந்த அந்தக் குளிர்காலத்திலிருந்துதான், துருவக் கடலின் பச்சை உயிர்களில் பல, வெயிலைக் குடிப்பதோடு பக்கத்திலிருக்கும் உயிரையும் விழுங்கிப் பிழைத்து வருகின்றன.