கரைக்குள் இருந்து ஒரு தட்டு

ஒரு காட்டில் பெரிய ஏரி இருந்தது. ஏரிக்குச் சொந்தக்காரர் முதலை. ஏரியின் கரைக்குக் கீழே ஒரு பள்ளம். அந்தப் பள்ளத்தில் முயல்களும் எலிகளும் ஆமைகளும் குடும்பம் குடும்பமாக வாழ்ந்தன.

கரையைப் பார்த்துக்கொள்வது ஆமைகளின் வேலை. நண்டுகள் இருக்கின்றனவே, அவற்றுக்குக் கரையைக் குடையாவிட்டால் பொழுது போகாது. அதனால் தினமும் அந்தி நேரத்தில் ஓர் ஆமை கரைமேல் நடக்கும். நின்று நின்று, உடம்பைத் தூக்கித் தரையில் தட்டும். 'தக்' என்று கேட்டால் உள்ளே மண் கெட்டியாக இருக்கிறது. 'டொம்' என்று கேட்டால் நண்டு வளை. உடனே களிமண் வைத்து அடைத்துவிடும். பள்ளத்துக் குட்டிகள் அந்தத் தட்டலைக் கேட்டுக்கொண்டேதான் தூங்கும்.

முதலைக்கு ஏரி போதவில்லை. கரையை இன்னும் உயர்த்தச் சொன்னார். ஆமைகள் உச்சி வெயிலிலும் மண் சுமந்தன. ஒரு கிழ ஆமை சுமக்கும்போதே சுருண்டு விழுந்து செத்தது.

"உச்சி வெயிலில் ஓய்வு கொடுங்கள்" என்று ஆமைகள் கேட்டன.

"முதுகிலேயே ஓடு சுமக்கிறீர்கள், உங்களுக்கு எதற்கு நிழல்?" என்றார் முதலை. என்ன திமிர் பாருங்கள்!

ஆமைகள் மண் சுமப்பதை நிறுத்தின. ஏரிக்கு அந்தப் பக்கம் இருந்த நாவல் மரத்தடியில் போய் உட்கார்ந்தன. ஓய்வு கிடைக்கும்வரை வீட்டுக்குப் போவதில்லை என்று முடிவு செய்தன.

"மண் சுமக்க வேண்டாம். ஆனால் கரையைத் தட்டிப் பார்ப்பதை விடக்கூடாது. நம் வீடும் அங்கேதான் இருக்கிறது. நான் போகிறேன்" என்றது தூம்பன் என்ற ஆமை. அதன் மனைவி அல்லி அப்போதுதான் முட்டையிட்டு, அவற்றோடு பள்ளத்திலேயே தங்கியிருந்தாள்.

தூம்பன் தட்டுவது அல்லிக்கு நன்றாகத் தெரியும். இரண்டு தட்டு, காது கொடுத்துக் கேட்க ஒரு நிறுத்தம், பிறகு இன்னொரு தட்டு. புருஷன் முகத்தைப் பார்க்க முடியாவிட்டாலும் அந்தச் சத்தத்தைக் கேட்டால் அவளுக்கு மனசு ஆறும்.

முதலை சும்மா இருப்பாரா? பள்ளத்தாரை ஆமைகளுக்கு எதிராகத் திருப்ப நரியை அனுப்பினார்.

"மேலே சத்தம் கேட்கிறதா? கரையை உடைக்கிறார்கள்" என்றது நரி.

முயல் தலைவர் துள்ளுமுத்து காதைத் தூக்கினார். "இது எப்போதும் கேட்கிற சத்தம்தானே?"

"அப்போது வேலை செய்தார்கள், தட்டினார்கள். இப்போதுதான் வேலையை நிறுத்திவிட்டார்களே, பிறகு எதற்குத் தட்டுகிறார்கள்?"

முயல்களுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"அது என் வீட்டுக்காரர். நம்மைக் காப்பாற்றத்தான் தட்டுகிறார்" என்றாள் அல்லி.

"நீ அப்படித்தான் சொல்வாய், அல்லியம்மா. எங்கள் குட்டிகளுக்கு யார் பொறுப்பு?" என்றார் துள்ளுமுத்து.

அவரைக் குறை சொல்லி என்ன செய்ய? பயந்தவன் காதில் நல்ல வார்த்தை ஏறாது. முயல்களும் எலிகளும் இலந்தை முள்ளை இழுத்து வந்து கரையின் இரண்டு முனையையும் அடைத்தன. அன்று முதல் தட்டல் கேட்கவில்லை.

பள்ளம் நிம்மதியாகத் தூங்கியதா? இல்லை. குட்டிகள் கண் மூடாமல் அழுதன. அல்லி முட்டைகளின் பக்கத்தில் படுத்து, வராத சத்தத்துக்காகக் காது கொடுத்துக் கிடந்தாள். அவர் சாப்பிட்டாரோ இல்லையோ என்று நினைத்து ஏங்கினாள்.

பிறகு மழை வந்தது. ஏரி நிரம்பியது. நண்டுகளுக்குக் கொண்டாட்டம்.

ஓர் அந்தியில் அல்லிக்குப் பொறுக்கவில்லை. தானே கரைமேல் ஏறினாள். உடம்பைத் தூக்கித் தட்டினாள். தக். இன்னும் கொஞ்சம் நடந்து, முட்டைகளுக்கு நேர் மேலே நின்று தட்டினாள். டொம்!

அவள் முள்வேலியை நோக்கிக் கத்தினாள். "என்னங்க! இங்கே பெரிய வளை இருக்கு!"

வேலிக்கு அப்பால் தினமும் வந்து நின்று பார்த்துக்கொண்டிருந்த தூம்பன், முள்ளுக்குள் தலையைக் கொடுத்துப் புகுந்தது. கழுத்தெல்லாம் ரத்தம். அது வந்து சேர்வதற்குள் வளை வாய் பிளந்து தண்ணீர் பள்ளத்துக்குள் பாய்ந்தது.

"முட்டை எங்கே?" என்றது தூம்பன்.

"இதுக்கு நேர் கீழே, வேப்பமரத்தடியில."

"சரி." அவ்வளவுதான் சொன்னது. தண்ணீர் போகிற வழியில் தன் உடம்பையே திணித்துக்கொண்டது. "மண்ணைப் போடுங்கள்!" என்று உள்ளிருந்து குரல் கொடுத்தது.

பள்ளத்தில் தண்ணீரைக் கண்ட துள்ளுமுத்து மேலே ஓடி வந்தார். தன் பல்லாலேயே முள்ளை இழுத்து எறிந்தார். நாவல் மரத்தடி ஆமைகள் எல்லாம் ஓடி வந்து களிமண்ணை அப்பி அப்பி அடைத்தன. கரை நின்றது. முட்டைகள் பிழைத்தன.

ஏரி போனால் தன் பாடும் திண்டாட்டம் என்று முதலைக்கு அப்போதுதான் உறைத்தது. உச்சி வெயில் ஓய்வுக்குச் சம்மதித்தார். நரி அதற்குள் எங்கோ போய்விட்டது.

ஆனால் தூம்பனை வெளியே எடுக்க முடியவில்லை. எடுத்தால் கரை போய்விடும். ஏரி வற்றும்வரை காத்திருக்க வேண்டும்.

"சேற்றுக்குள் மூச்சடக்கிக் கிடப்பது நமக்குப் பழக்கம்தானே, அல்லி" என்றது அது கடைசியாக.

முட்டைகள் பொரிந்தன. அல்லி அந்திதோறும் குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு கரைக்குப் போவாள். இரண்டு தட்டுத் தட்டுவாள். நிறுத்துவாள். உள்ளேயிருந்து மெதுவாக ஒரு தட்டு வரும்.

"அப்பா எப்போ வருவார்?" என்று குஞ்சுகள் கேட்கும்.

"கோடையில" என்பாள் அல்லி.

வானத்தில் மேகம் கூடினால் மற்ற காடெல்லாம் சந்தோஷப்படும். அந்தப் பள்ளம் மட்டும் கவலையோடு அண்ணாந்து பார்க்கும். துள்ளுமுத்துவும் தினமும் அல்லியோடு கரைக்கு வருவார். அந்த ஒற்றைத் தட்டைக் கேட்காமல் அவர் தூங்கப் போவதில்லை.

நம்மைக் காக்கிறவர் நியாயம் கேட்டு வெளியே நிற்கும்போது, அவரைப் பகைவர் என்று நம்பி வேலி போட்டால், காவல் இல்லாமல் போவது நம் வீடுதான்.