மூன்று பேரும் நானே

"மேடை ஏறினா என் கிதார் செத்துப்போகுது" என்றார் தியோடர்.

ஜோஸ்லின் அவருக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

தியோடர் பெரம்பூர்க்காரர். ஜாஸ் கிதார் வாசிப்பவர். வயது ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. எந்தக் கம்பெனியின் தயவும் இல்லாமல், வீட்டு அறையிலேயே வாசித்துப் பதிவுசெய்து, தானே வெளியிட்ட மூன்று ஆல்பங்கள் அவர் பெயரில் இருந்தன. கேட்டவர்கள் கொண்டாடினார்கள். கொண்டாட வேண்டியவைதான் என்பதில் அவருக்கும் சந்தேகம் இல்லை.

ஜோஸ்லின் புதுச்சேரியில் இருந்தாள். டிரம்ஸ் வாசிப்பவள். அவரைவிடப் பதினைந்து வயதாவது இளையவள். பாரிஸில் பல வருடம் வாசித்துவிட்டு ஊர் திரும்பியிருந்தாள். அவளோடு சேர்ந்து வாசித்தவர்கள் அதற்குப் பிறகு வேறு மாதிரி வாசிக்கிறார்கள் என்று சென்னையில் ஒரு பேச்சு இருந்தது.

அதை நம்பித்தான் அவர் பஸ் ஏறி வந்திருந்தார்.

"ரெக்கார்டிங்ல உசிரோட இருக்கு. மேடையில போயிடுது. டிரம்ஸ்காரன் ஒரு பக்கம் இழுக்கறான், பாஸ்காரன் ஒரு பக்கம் இழுக்கறான். எத்தனையோ பேரை மாத்திப் பாத்துட்டேன், டீச்சர்."

"டீச்சர்னு கூப்பிடாதீங்க சார். உடனே மூக்குக் கண்ணாடி போடணும்போல இருக்கு."

அவருடைய கடைசி ஆல்பத்தை அவள் போட்டாள். நடுவில் எழுந்திருக்கவில்லை, பேசவில்லை. கடைசிவரை கேட்டாள்.

"ரொம்ப நல்லா இருக்கு."

தியோடர் தலையசைத்தார். அது அவருக்குத் தெரியும்.

"டிரம்ஸ் யாரு?"

"நான்தான். கம்ப்யூட்டர்ல போட்டது."

"பாஸ்?"

"அதுவும் நான்தான்."

"அதான் மூணு பேருக்கும் சண்டையே வரலை" என்று ஜோஸ்லின் சிரித்தாள்.

தியோடர் சிரிக்கவில்லை.

"கிதார்ல சரியா வராத இடத்தையெல்லாம் என்ன பண்ணுவீங்க?"

"அழிச்சுட்டுத் திரும்ப வாசிப்பேன்."

"அழிச்சது நிறைய இருக்குமோ?"

"வெளியிட்டதைவிட அதிகம்."

"பாவம்" என்றாள்.

யாரைச் சொன்னாள் என்று அவருக்குப் புரியவில்லை. கேட்கவும் இல்லை. வந்த விஷயத்துக்கு வந்தார். பொங்கலுக்கு அப்புறம் சென்னையில் ஒரு சின்ன அரங்கத்தில் கச்சேரி. கிதார், பாஸ், டிரம்ஸ், மூன்றே பேர். அதை அங்கேயே பதிவுசெய்து நாலாவது ஆல்பமாக வெளியிடப் போகிறார்.

"நீங்க என்கூட வாசிக்கணும். எங்க தப்பு நடக்குதுன்னு எனக்குச் சொல்லவும் வேணும்."

"வாசிக்கிறேன். ஆனா அன்னைக்கு என்ன வருதோ அதை அப்படியே வெளியிடணும். வெட்டக் கூடாது. வீட்டுக்குப் போய் வேற வாசிச்சு ஒட்டவும் கூடாது."

பலமுறை தட்டிப் பார்க்காத எதையும் தியோடர் இதுவரை வெளியே விட்டதில்லை.

"தப்பு வந்தா?"

"அதுவும் உங்க பேர்லதான் வெளிய வரும்."

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"எனக்குத் தப்பு வராது."

"அப்ப சரி" என்றாள் ஜோஸ்லின்.

ஒத்திகை அவள் வீட்டு மாடியில் நடந்தது. அடிச்சுரம் போடுகிற பாஸ் வாசிக்க ஹமீது வந்தார். ஆள் உயர வாத்தியத்தை முதுகில் சுமந்துகொண்டு படியேறி வந்து, ஒரு வணக்கம் சொல்லி, சுருதி சேர்த்து, ஓரமாக நின்றுகொண்டார். அதிகம் பேசுகிறவர் இல்லை.

"பாய் ஆரம்பிப்பார். நீங்க பதில் சொல்லுங்க" என்றாள் ஜோஸ்லின்.

ஹமீது நாலு சுரம் வாசித்தார். மெதுவாக, கனமாக.

தியோடர் பாய்ந்து வந்தார். 'இரண்டாம் ஷிஃப்ட்' அவருடைய புகழ்பெற்ற உருப்படி. அதன் நடுவில் வருகிற வாசிப்பு பலருக்கு மனப்பாடம். அதையே வாசித்தார். ஒரு சுரம் பிசகவில்லை.

டிரம்ஸ் நின்றது.

அவர் திரும்பினார். ஜோஸ்லின் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள்.

"என்ன ஆச்சு?"

"தாகம். மறுபடி ஆரம்பிங்க."

மறுபடி ஆரம்பித்தார்கள். ஹமீது அதே மாதிரி வாசித்தார். தியோடரும் அதே மாதிரி வாசித்தார். ஜோஸ்லின் குச்சிகளைக் கீழே வைத்துவிட்டு மறுபடி தண்ணீர் பாட்டிலை எடுத்தாள்.

அடுத்த முறையும் அப்படித்தான்.

தியோடருக்கு முகம் சிவந்துவிட்டது. கிதாரைக் கழற்றி மடியில் வைத்தார்.

"பெரம்பூர்லருந்து இதுக்கா வந்தேன்? வாசிக்கவே விடமாட்டேங்கறீங்க."

"நீங்க வாசிக்கறீங்களே. நான்தான் நிறுத்தறேன்."

"ஏன் நிறுத்தறீங்க?"

"நீங்க என்கிட்ட ஒண்ணும் சொல்லலை சார். ஏற்கெனவே எங்கேயோ சொன்னதை ஒப்பிக்கறீங்க. அதுக்கு நடுவுல நான் எதுக்கு?"

"நான் என்ன தப்பு பண்றேன்? நேரா சொல்லிடுங்க. கேட்டுட்டுக் கிளம்பறேன்."

ஜோஸ்லின் அவரையே பார்த்தாள்.

"இன்னைக்கு ஹமீது பாய்க்கு என்ன?"

"அவருக்கென்ன?"

"அதான் கேக்கறேன். காலைலருந்து உங்க பக்கத்துலதான் நின்னு வாசிக்கறார்."

தியோடர் திரும்பிப் பார்த்தார். அந்த மனிதரை அவர் முழுசாகப் பார்த்தது அப்போதுதான். கண்கள் சிவந்திருந்தன. சட்டையை மாற்றக்கூட இல்லை போல. தோள்பட்டையெல்லாம் கசங்கியிருந்தது.

"என்ன பாய்?"

ஹமீது கூச்சத்தோடு சிரித்தார்.

"ஒண்ணுமில்லை அண்ணே. விடியக்காலைல பொண்ணை ஏர்போர்ட்ல விட்டுட்டு நேரா இங்க வந்தேன். மேல்படிப்புக்கு ஜெர்மனி போறா. இதுவரைக்கும் ஒரு ராத்திரிகூட எங்களை விட்டு இருந்ததில்லை. அவ்வளவுதான்."

கீழே தெருவில் ஒரு மீன்காரம்மா கூவிக்கொண்டு போனாள்.

"அதையா வாசிச்சீங்க?" என்றார் தியோடர்.

"எதை வாசிச்சேன்னு எனக்கெங்க தெரியும்? கை அப்படிப் போச்சு."

"எனக்குக் கேக்கவே இல்லை" என்றார் தியோடர்.

ஜோஸ்லின் குச்சிகளைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

அவர் கிளம்பிவிடுவார் என்றுதான் ஹமீது நினைத்தார். தியோடர் கிதாரை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார்.

"பாய், இன்னொரு தடவை வாசிங்க."

ஹமீது அதே நாலு சுரத்தை வாசித்தார். தியோடர் காத்திருந்தார். ஹமீது திரும்பவும் வாசித்தார். தியோடர் இன்னும் காத்திருந்தார். அப்புறம் ஒரே ஒரு சுரம் வாசித்தார். கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று. அதில் சாமர்த்தியம் எதுவும் இல்லை. இரண்டு இடத்தில் விரல் தடுமாறியது.

டிரம்ஸ் நிற்கவில்லை.

அதற்குப் பிறகு வாராவாரம் அவர் புதுச்சேரிக்கு வந்தார். வந்ததும் கிதாரை எடுப்பதற்கு முன்னால் ஹமீதோடு டீ குடித்தார். பெண்ணுக்குக் குளிர் ஒத்துக்கொண்டதா, சாப்பாடு என்ன செய்கிறாள் என்று கேட்டார். ஜோஸ்லின் அந்த நாட்களில் எதுவும் சொல்லிக்கொடுத்ததாக யாருக்கும் ஞாபகமில்லை. சில சமயம் தண்ணீர் குடித்தாள். போகப் போக அதுவும் குறைந்தது.

கச்சேரி நாள் வந்தது.

அரங்கம் நிறைந்துவிட்டது. பின்வரிசையில் நின்றுகொண்டும் கேட்டார்கள். பதிவுக்கு மைக்குகள் வைத்தாகிவிட்டது. தியோடர் சேர்த்த சுருதியையே மறுபடி மறுபடி சேர்த்துக்கொண்டிருந்தார்.

"பயமா சார்?" என்றாள் ஜோஸ்லின்.

"ஆமா" என்றார். சொன்னபோது நன்றாகத்தான் இருந்தது.

'இரண்டாம் ஷிஃப்ட்' தொடங்கியது. முதல் சுரத்திலேயே கைதட்டல். உருப்படி நகர்ந்து நகர்ந்து நடுப்பகுதிக்கு வந்தது. முன்வரிசையில் ஒருத்தி கண்ணை மூடிக்கொண்டு உதட்டை அசைத்தாள். அடுத்து வரப்போவது எல்லோருக்கும் தெரியும். தியோடரின் விரல்கள் அதற்கான இடத்துக்குத் தானாகவே போய் உட்கார்ந்துவிட்டன.

அப்போது ஹமீது ஒரு சுரத்தை நீட்டினார். ஒத்திகையில் ஒருநாளும் அப்படி நீட்டியதில்லை.

தியோடர் விரலை எடுத்துவிட்டார்.

கிதார் இல்லாமல் வாசிப்பு போய்க்கொண்டிருந்தது. ஜோஸ்லின் குச்சியை வைத்துவிட்டு, டிரம்ஸ்மேல் தடவி வாசிக்கிற கம்பி பிரஷ்ஷை எடுத்தாள். மழைத்தூறல் தகரத்தில் விழுவதுபோல ஒரு சத்தம் எழுந்தது. முன்வரிசைப் பெண் கண்ணைத் திறந்து பார்த்தாள். மேடையில் கிதார்காரர் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டு நின்றார்.

பிறகு வாசித்தார்.

அவர் இதுவரை வாசிக்காதது அது. எங்கே போகிறதென்று தெரியாமலே அதன் பின்னால் போனார். ஒரு இடத்தில் விரல் வேறு கம்பியில் விழுந்தது. பளிச்சென்று கேட்டது. வீட்டறையாக இருந்தால் அங்கேயே நிறுத்தியிருப்பார். அவர் நிற்கவில்லை. ஹமீது அந்தச் சுரத்தைப் பிடித்து அடியில் தாங்கினார், தியோடர் அதன்மேல் ஏறி இன்னொரு பக்கம் இறங்கினார். பின்னாலிருந்து ஜோஸ்லின் வாய்விட்டுச் சிரித்த சத்தம் கேட்டது.

அந்தச் சிரிப்பும் பதிவாகிவிட்டது. நாலாவது ஆல்பத்தில் இன்றும் இருக்கிறது.

கச்சேரி முடிந்து கூட்டம் கலையும்போது முன்வரிசைப் பெண் மேடைக்கு வந்தாள். அவளுக்கு எங்கே ஆரம்பிப்பதென்று தெரியவில்லை.

"சார், 'இரண்டாம் ஷிஃப்ட்' நடுவுல வர்ற இடத்துக்காகத்தான் வேலூர்லருந்து வந்தேன். அது வரவே இல்லை. முதல்ல கோபம்தான் வந்துது."

"அப்புறம்?"

"அப்புறம் அழுதுட்டேன். ஏன்னு தெரியலை."

தியோடர் கையைக் கூப்பினார்.

"அடுத்த வாரம் பெங்களூர்லயும் உங்க கச்சேரி இருக்காமே. அங்கேயும் வரேன். ரெக்கார்டுல இருக்கறதை வாசிப்பீங்களா, இன்னைக்கு வாசிச்சதை வாசிப்பீங்களா?"

தியோடர் மேடையின் ஓரத்தைப் பார்த்தார். ஹமீது தன் வாத்தியத்துக்கு உறை மாட்டிக்கொண்டிருந்தார்.

"எனக்கெப்படிம்மா தெரியும்?" என்றார். "பாய் இன்னும் ஆரம்பிக்கவே இல்லையே."