பூங்காவனம் வீட்டுத் தண்ணி

படுத்தியா? கால நல்லா நீட்டு. போர்வைய மூஞ்சி மேல இழுக்காத, மூச்சு முட்டும். கதை வேணும்னா நடுநடுவுல "ம்" கொட்டணும். நீ "ம்" நிறுத்துனா நானும் நிறுத்திடுவேன். காலையில அஞ்சு மணிக்கு எழுந்து தண்ணி புடிக்கப் போறவ நானு, அத்தைக்கும் தூக்கம் வரும்ல?

ஒரு ஊர்ல ஒரு பாலம் இருந்துச்சாம். ஊருன்னா வயலும் வரப்பும் இல்லடி, நம்ம ஊரு மாதிரிதான். மேல பஸ்ஸு பாம் பாம்னு போவும், ஆட்டோ டர்ர்ர்னு போவும். கீழ ஒரு கால்வாய். கால்வாய் ஓரத்துல, பாலத்துத் தூணுக்கு அடியில நாலே நாலு படிக்கட்டு. மேல் படியில ஒரு பாய், மூணு செங்கல்லு வெச்ச அடுப்பு, ஒரு தண்ணிக்கொடம், ஒரு எவர்சில்வர் டம்ளரு. அவ்ளோதான் வீடு. வீட்டுக்காரி பேரு பூங்காவனம். பேருதான் பூங்காவனம், சுத்தி ஒரு எருக்கஞ்செடி கூட கெடையாது.

"ம்."

அந்தப் பூங்காவனம் சித்தாள் வேலை பாத்த பொம்பள. அந்த ஊர்ல பாதி வீட்டுக்கு அதுதான் கல்லு சொமந்துச்சு. புருஷன் போயிட்டான், வாடகை ஏறிப்போச்சு, இடுப்பு புடிச்சுக்கிச்சு, வேலை கொறஞ்சு போச்சு. கடைசியில பாலத்தடிக்கு வந்துடுச்சு. ஆனா ஒண்ணு, காலையில எழுந்ததும் நாலு படியையும் கூட்டும். டம்ளர சாம்பல் போட்டு பளபளன்னு தேய்க்கும். யாரு அந்தப் பக்கம் வந்தாலும், "வாங்க, உக்காருங்க"ன்னு சொல்லும்.

"ம்."

அப்புறம், அந்தத் தெருக்கோடியில ஒரு மன்றம் இருந்துச்சு. ஒரே ஒரு ஹாலு, பேப்பர் படிக்கிற மேசை, ஒரு கேரம் போர்டு. அந்தத் தெரு ஜனங்க சேர்ந்து அங்க மத்தியானம் சோறு போடுவாங்க, ரோட்டுல படுக்கறவங்களுக்கெல்லாம். சாயங்காலம் ஆனா குடிசைப் புள்ளைங்களுக்கு டியூஷன். பெரிய பணக்காரங்க யாரும் இல்ல. ஒருத்தர் தணிகாசலம், பஸ் கண்டக்டரா இருந்து ரிட்டையர் ஆனவரு. வேலை போனாலும் விசில விடல. சோறு தயார்னா பீப்பீன்னு ஊதுவாரு. இன்னொருத்தன் ரபீக், மருந்துக்கடை பையன். மூணாவது ஏகவல்லி, தையக்கடை வெச்சிருக்கா, டியூஷன் எடுக்கறவ அவதான். கழுத்துல இஞ்ச் டேப்ப மாட்டிக்கிட்டே வாய்ப்பாடு சொல்லிக் குடுப்பா. மூணு பேரும் நல்லவங்க. அத நல்லா நெனப்புல வெச்சுக்கோ, அப்புறம் திட்டாத.

"ம். திட்டமாட்டேன்."

மொத நாளு தணிகாசலம் பாலத்தடிக்குப் போனாரு, சூடா சாம்பார் சாதம் எடுத்துக்கிட்டு. "பூங்காவனம், மன்றத்துக்கு வாம்மா, சோறு இருக்கு. வர முடியலன்னா இந்தா, சாப்புடு"ன்னாரு. அது எழுந்து நின்னுச்சு. "வாங்க அண்ணே, உக்காருங்க. வெயில்ல வந்திருக்கீங்க"ன்னு டம்ளர்ல தண்ணி மொண்டு நீட்டுச்சு. அவரு டம்ளரப் பாத்தாரு, கால்வாயப் பாத்தாரு. அது தெருக்கொழாய்ல புடிச்ச தண்ணிதான், அவருக்கு என்ன தெரியும்? "வேணாம்மா, நீயே குடி"ன்னுட்டாரு. பூங்காவனம் டம்ளரக் கீழ வெச்சுச்சு. "எனக்கும் வேணாம் அண்ணே, பசி இல்ல"ன்னுடுச்சு. பசி இல்லாம என்ன? வயிறு கடமுடான்னுச்சு, எனக்கே கேக்குது.

"உனக்கு எப்பிடி கேக்கும்?"

கதை சொல்றவளுக்கு எல்லாம் கேக்கும், படு.

அப்புறம் ரெண்டாவது நாளு ரபீக் போனான். பூங்காவனத்துக்கு லொக்கு லொக்குன்னு இருமல், ஒடம்பு அனலா கொதிக்குது. ஒரு கம்பளி, ஜொர மாத்திரை எல்லாம் எடுத்துட்டுப் போனான். "வா தம்பி, உக்காரு"ன்னு அடுப்புல சுள்ளி போட்டு ஊது ஊதுன்னு ஊதி, பால் இல்லாத டீ போட்டுக் குடுத்துச்சு. ரபீக்குக்கு மனசு கேக்கல. ஜொரத்தோட போட்ட டீ, இருக்கறதே அந்த ஒரு டம்ளரு, அதையும் நாம குடிக்கிறதான்னு நெனச்சான். "இப்பதான் குடிச்சேன்க்கா, நீங்க குடிங்க"ன்னான். பச்சப் பொய்! "சரி தம்பி, கம்பளிய எடுத்துக்கோ. எனக்குக் குளுரல"ன்னுச்சு பூங்காவனம். பல்லு கிடுகிடுன்னு ஆடுது, குளுரலயாம்.

"ம்."

மூணாவது நாளு ஏகவல்லி போனா, புதுப்பொடவை எடுத்துக்கிட்டு. பூங்காவனம் பன்னு ஒண்ணு வெச்சிருந்துச்சு. ரெண்டா பிச்சு, பெரிய பாதிய அவகிட்ட நீட்டுச்சு. ஏகவல்லிக்குக் கண்ணுல தண்ணி வந்துடுச்சு. "ஐயோ, உங்களுக்கே பத்தாது. எனக்கு எதுக்குக்கா?"ன்னா. அதுக்குப் பூங்காவனம், "நீ சாப்புடல, நானும் வாங்கல. சரியாப் போச்சு, போயிட்டு வாம்மா"ன்னுடுச்சு. அன்னிக்கு அதோட மூஞ்சே சரியில்ல.

மூணு பேரும் மன்றத்துல உக்காந்து தலைய சொறியறாங்க. தணிகாசலம், "அதுக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சு"ங்கறாரு. ரபீக், "புத்தி நல்லாத்தான் இருக்குண்ணே, பயம்"ங்கறான். ஏகவல்லி திருப்பிக் கொண்டாந்த பொடவைய மடிச்சு வெக்கறா. தூங்கிட்டியா?

"இல்ல. சொல்லு."

அப்போ வந்துச்சு பாரு புயலு! ஆட்டோவுல மைக்கு கட்டிக்கிட்டு தெருத்தெருவா சொல்றாங்க, ஏரிய தொறக்கப் போறாங்க, கால்வாய் ஓரத்துல யாரும் இருக்காதீங்கன்னு. காத்து உய்ய்ய்னு ஊதுது. தகரம் டமால் டமால்னு அடிக்குது. குடிசைப் புள்ளைங்க, அம்மா அப்பா எல்லாரையும் மன்றத்துக்குக் கூட்டியாந்துட்டாங்க. பூங்காவனம் மட்டும் வரல. காக்கி சட்டைக்காரங்க வந்து கூப்ட்டதுக்கும், "நீங்க போங்க ஐயா"ன்னு தூணக் கட்டிப் புடிச்சுக்கிச்சாம். அவங்களுக்கு அந்தண்ட இன்னும் நூறு பேர வண்டியில ஏத்தணும், போயிட்டாங்க.

தணிகாசலம் கயிறு எடுத்தாரு. "கட்டித் தூக்கிட்டு வந்துடுவோம்! உசுரு போயிட்டா அப்புறம் என்ன மரியாதை?"ன்னு கத்துனாரு. "எதுக்கு அது வரமாட்டேங்குதுன்னே புரியலையே"ன்னு ஏகவல்லி கைய பெசஞ்சா.

டியூஷன் புள்ளைங்கள்ல மோனிஷான்னு ஒருத்தி. மூணாங்கிளாஸு, வாயாடி. உன்ன மாதிரின்னு வெச்சுக்கோயேன். அவ கேட்டா, "மிஸ்ஸு, அவங்க குடுத்தத நீங்க சாப்ட்டீங்களா?"

"இல்லடி. அவங்களுக்கே இல்ல, அத எப்பிடி நான் சாப்புடறது?"

"எங்க வீட்டுக்கு வந்தப்பவும் நீங்க குடிக்கல."

மோனிஷா அம்மா, "ஏய், சும்மா இருடி"ன்னு கைய புடிச்சு இழுத்தாங்க. அவ விடல. "எங்கம்மா கடையில பால் பாக்கெட் வாங்கி டீ போட்டாங்க. நீங்க வேணாம்னு போயிட்டீங்க. அப்புறம் எங்கம்மா அந்த டீய கீழ ஊத்திட்டு அழுதாங்க. எங்க வீட்டுல குடிச்சா உங்களுக்கு ஒடம்புக்கு வந்துடுமா மிஸ்ஸு?"

"ம்... பாவம்."

யாருடி பாவம்? எல்லாரும்தான் பாவம். ஏகவல்லி திரும்பி மோனிஷா அம்மாவப் பாத்தா, அந்தம்மா தலையக் குனிஞ்சுக்கிட்டாங்க. ஏகவல்லிக்கு அப்பதான் ஒறைச்சுச்சு. நம்மூர்ல ஒருத்தர் வீட்டுல கை நனைக்கலன்னா என்ன அர்த்தம்? நீ வேற, நான் வேறன்னு அர்த்தம். பகையாளி வீட்டுலதான் பச்சத்தண்ணி குடிக்க மாட்டாங்க. மூணு நாளா மூணு பேரும் போயி, நல்லது பண்றோம்னு நெனச்சு, அதைத்தான் சொல்லிட்டு வந்திருக்காங்க.

"கயிறு எடுத்துக்கோங்க அண்ணே, ஆனா கட்டறதுக்கு இல்ல, நாம புடிச்சுக்கறதுக்கு"ன்னு ஏகவல்லி பொடவைய வரிஞ்சு கட்டுனா. மூணு பேரும் கயிற புடிச்சுக்கிட்டு எறங்குனாங்க. தண்ணி மொழங்கால் அளவு. சளக் புளக், சளக் புளக். தணிகாசலம் முன்னால விசில் ஊதிட்டே போறாரு. நாலு படியில ரெண்டு முழுவிப் போச்சு. மேல் படியில பூங்காவனம் சுருண்டு உக்காந்திருக்கு, இருமல் லொக்கு லொக்குன்னு.

"ம்."

ஏகவல்லி என்ன பண்ணா தெரியுமா? வான்னு கூப்புடல. நேரா போயி அந்த ஈரப்பாயில சப்புன்னு உக்காந்துட்டா. "அக்கா, தாகமா இருக்கு. குடிக்க எதனா குடு"ன்னா.

பூங்காவனம் அவளப் பாத்துச்சு. ரபீக்கும் உக்காந்தான். தணிகாசலம் விசில வாயிலேர்ந்து எடுத்துட்டு, "எனக்கும் குடும்மா"ன்னு உக்காந்தாரு.

அப்போ பூங்காவனத்துக்கு ஒதடு துடிக்குது. "இப்ப வந்து கேக்கறீங்களே! கொடம் மெதந்து போயிடுச்சு. அடுப்பு நனஞ்சு போச்சு. பன்னு கூட இல்ல. வந்தவங்களுக்குக் குடுக்க எங்கிட்ட ஒண்ணுமே இல்லியே"ன்னு அழுதுச்சு பாரு, மூணு நாளு ஜொரத்துக்கு அழாத பொம்பள, இதுக்கு அழுவுது. ஏகவல்லியும் மூக்க உறிஞ்சறா. தண்ணி மூணாவது படிய தொட்டுடுச்சு.

"ஐயோ, அப்புறம்?"

அப்புறம் பூங்காவனம் கண்ணத் தொடச்சுக்கிச்சு. டம்ளர எடுத்துச்சு. பாலத்துக்கு வெளிய, தூணுக்கு அந்தப்பக்கம் கைய நீட்டி, கொட்டற மழையில புடிச்சுச்சு. டங் டங் டங்... டக் டக் டக்... சளசளன்னு ரொம்புது. யாரும் சீக்கிரம்னு சொல்லல. கைய நீட்டிக்கிட்டே இருந்துச்சு. டம்ளரு ரொம்பினதும் முந்தானையில அடிய தொடச்சு, "மழத்தண்ணிதான்மா, சுத்தமா இருக்கும்"ன்னு ஏகவல்லிகிட்ட குடுத்துச்சு.

மடக் மடக்னு குடிச்சா. அடுத்து ரபீக், அவன் ஒரு வாய் குடிச்சுட்டு, "அன்னிக்கு பொய் சொல்லிட்டேன்க்கா, நான் டீ குடிக்கவே இல்ல"ன்னான். "தெரியும்டா, ஒன் ஒதடு காஞ்சு கெடந்துச்சு"ன்னு சொல்லிட்டு மறுபடியும் புடிச்சுச்சு. தணிகாசலம் அண்ணாந்து முழு டம்ளரையும் குடிச்சுட்டு, "இன்னொரு டம்ளரு குடும்மா"ன்னாரு.

அப்ப பூங்காவனம் போட்டுச்சு பாரு ஒரு சத்தம்! "யோவ் கண்டக்டரு! படி முழுவுது, இன்னொரு டம்ளரு கேக்கற? குடிச்சது போதும், கெளம்பு! உன் வீட்டுல சோறு இருக்கா, இல்ல எல்லாத்தையும் போட்டுத் தீத்துட்டியா?"

"ஹிஹிஹி."

சிரிக்காத, தூக்கம் போயிடும். நாலு பேரும் கயிற புடிச்சுக்கிட்டு கெளம்புனாங்க. பாய விட்டுடுச்சு, செங்கல்ல விட்டுடுச்சு, டம்ளர மட்டும் இடுப்புல சொருகிக்கிச்சு. தண்ணி இடுப்பளவு வந்துடுச்சு. நடுவுல ரபீக் கால் வழுக்கி தொபுக்கடீர்னு விழுந்தான். கல்லு சொமந்த கைதானே, பூங்காவனம் சட்டைய புடிச்சு ஒரே தூக்கு, தூக்கி நிறுத்திடுச்சு. மன்றத்துப் படி ஏறி இவங்க திரும்பிப் பாத்தா, பாலத்தடியில படியும் இல்ல, ஒண்ணும் இல்ல. தண்ணிதான் ஹோன்னு போவுது.

"பூங்காவனம் செத்திருக்கும்ல?"

செத்திருக்கும். ஆனா சாவல. ஈரத்தத் தொடச்சு, அந்தப் புதுப்பொடவையக் கட்டிக்கிச்சு. மாத்திரையும் போட்டுக்கிச்சு. அப்புறம் தரையில வரிசையா எல போட்டாங்க. பூங்காவனம் உக்காந்துச்சு, பக்கத்துல மோனிஷா, அவங்க அம்மா. ஏகவல்லி சோத்துக் கரண்டியோட வந்தா. எப்பவும் அவங்க மூணு பேரும் நின்னுக்கிட்டே பரிமாறுவாங்க, எல்லாரும் எழுந்ததும் அவங்கவங்க வீட்டுக்குப் போயி சாப்புடுவாங்க. பூங்காவனம் எலைய மூடுற மாதிரி கைய வெச்சுச்சு.

"என்னக்கா, இன்னும் என்ன கோவம்?"ன்னா ஏகவல்லி.

"நீ எங்க சாப்புடுவ?"ன்னுச்சு.

ஏகவல்லி கரண்டிய கீழ வெச்சா. மோனிஷா அம்மாவுக்குப் பக்கத்துல ஒரு எல போட்டு உக்காந்தா. ரபீக் உக்காந்தான். தணிகாசலம் முட்டிய புடிச்சுக்கிட்டு, அம்மாடி அப்பாடின்னு உக்காந்தாரு. மோனிஷா அம்மா எழுந்து கரண்டிய எடுத்து, மொத கரண்டி சோறு ஏகவல்லி எலையில போட்டாங்க. "போதுமா மிஸ்ஸு?"ன்னு கேட்டாங்க. "இன்னும் கொஞ்சம் போடுங்க"ன்னா ஏகவல்லி. வெளிய மழை சோன்னு பேஞ்சுக்கிட்டே இருந்துச்சு.

"அத்த... அப்புறம் அவங்களுக்கு வீடு கெடச்சுதா?"

கெடச்சுதுன்னு சொன்னா நீ நிம்மதியா தூங்குவ. ஆனா பொய் சொல்லக்கூடாது. இன்னும் கெடைக்கல. மன்றத்துக்குப் பின்னால ஒரு தகரக் கொட்டாயிலதான் இருக்கு. எழுதிக் குடுத்து, ஆபீசு ஆபீசா ஏறி எறங்கிக்கிட்டு இருக்காங்க. முன்னாடி அது ஒண்டியா அலையும். இப்ப நாலு பேரும் சேர்ந்து அலையறாங்க, வழியில ரெண்டு டீயை நாலா ஆத்தி ஆத்தி குடிச்சுக்கிட்டு.

"ம்..."

இந்த "ம்" தூக்கத்து "ம்". சரி, கதைக்கும் கண்ணு சொருகுது, பாய் போட்டாச்சு அதுக்கு. அது அந்தப் பக்கம் படுக்கட்டும், நீ இந்தப் பக்கம் தூங்குடி தங்கம்.