எருக்கம் பஞ்சும் சிலிர்த்த முட்களும்

ஒரு காட்டில், மழை பெய்தால் மட்டுமே ஓடும் ஓடை ஒன்று இருந்தது. அதன் கரைப் பாறையில், உள்ளே போகப் போகக் கீழ்நோக்கிச் சரியும் குறுகிய இடுக்கு ஒன்றும் இருந்தது. அந்த இடுக்கின் அடியில் காட்டு வள்ளிக்கிழங்கு ஒன்று கொழுத்து விளைந்திருந்தது.

அதே காட்டில் சிலும்பன் என்றொரு முள்ளம்பன்றி வாழ்ந்தது. அதற்கு எதற்கெடுத்தாலும் கோபம் வரும். வெயில் அடித்தால் கோபம். நிழல் விழுந்தாலும் கோபம். கோபம் வந்தால் முதுகு முட்கள் அத்தனையும் குத்திட்டு நிற்கும்.

ஒருநாள் சிலும்பன் இடுக்கின் வாயிலில் நின்று கிழங்கை மோப்பம் பிடித்துக்கொண்டிருந்தது. வம்புக்காரக் குரங்கு ஒன்று மரத்தின் மேலிருந்து அதைப் பார்த்தது.

"என்ன சிலும்பா, வாசனையிலேயே வயிறு நிறைந்துவிட்டதா? இந்த உடம்பு அதற்குள் எங்கே நுழையப்போகிறது!"

"நுழைந்து காட்டுகிறேன், பார்!" என்று சீறியபடி சிலும்பன் தலையை உள்ளே விட்டது.

நுழைவதில் தொல்லை இல்லை. முன்னோக்கிப் போகையில் பாறையே முட்களை முதுகோடு அழுத்திவிட்டது. கிழங்கையும் கடித்துத் தின்று முடித்தது. வெளியே வரப் பார்த்தபோதுதான் சங்கதி புரிந்தது. திரும்ப இடமில்லை. பின்னால் நகர்ந்தாலோ, முள்முனைகள் கூரைப் பாறையில் ஊன்றிக்கொண்டன.

சிலும்பனுக்குக் கோபம் வந்தது. முட்கள் நிமிர்ந்தன. நிமிர்ந்த முட்கள் இன்னும் இறுகச் சிக்கின. சிக்கியதால் கோபம் மேலும் கூடியது.

அந்த நேரம் பார்த்து மலைமேல் மழை கொட்டியது. ஓடையில் நீர் வரத் தொடங்கி, இடுக்குக்குள்ளும் கசிந்தது. சரிவின் அடியில் இருந்தது சிலும்பனின் முகம். நீர் முதலில் அதன் முன்கால்களை நனைத்தது. பிறகு முழங்காலுக்கு ஏறியது.

"ஐயோ! என்னை இழுங்கள்!"

குரங்கு இறங்கி வந்து கையை நீட்டியது. நீட்டிய வேகத்திலேயே கையை உதறிக்கொண்டு மரத்தில் ஏறிவிட்டது. "முள்ளில்லாத இடம் ஏதாவது இருந்தால் சொல், இழுக்கிறேன்!"

கூச்சல் கேட்டுக் கரடி வந்தது. காட்டில் உள்ள அனைவருக்கும் கட்டளையிடுவதே அதன் தொழில்.

"அடேய் சிலும்பா! அமைதியாக இரு!"

"நான் அமைதியாகத்தான் இருக்கிறேன்!" என்று உள்ளிருந்து அலறல் வந்தது.

"இதுவா அமைதி? அமைதியாக இரு என்றால் இரு!" கரடி உறுமிய உறுமலில் பாறைமண் உதிர்ந்தது.

குழந்தைகளே, உங்களிடம் யாரேனும் இப்படி அமைதியை அதட்டிக் கேட்டிருந்தால், அடுத்து என்ன நடந்தது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. சிலும்பனின் முட்கள் முன்னைவிட விறைத்து நின்றன. நீர் அதன் மார்பைத் தொட்டது.

இடுக்கின் அடியில், சிலும்பனின் மூக்குக்கு நேர் எதிரே, கல்விளிம்பில் ஒரு தவளை அமர்ந்திருந்தது. பெயர் பாசி. அந்த இடுக்கு பாசியின் வீடு. எதற்கும் பதறாத தவளை அது. நீர் ஏறுவதைப் பற்றி அதற்குக் கவலையில்லை. ஆனால் மழைப்பாட்டு பாட வெளியே போக வேண்டும்; வழியிலோ ஒரு முள்ளம்பன்றி அடைத்துக்கொண்டு நிற்கிறது.

பாசி அமைதியைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. கூரை வெடிப்பின் வழியே எப்போதோ வந்து விழுந்திருந்த எருக்கம் பஞ்சு ஒன்றை எடுத்து, சிலும்பனின் மூக்கின் முன்னே மிதக்க விட்டது.

"இதைக் கீழே விழாமல் ஊத உன்னால் முடியாது" என்றது.

"சாகப் போகிறேன், உனக்கு விளையாட்டா?"

"முடியாது என்றுதான் நானும் சொன்னேன்."

சிலும்பனுக்கு ரோஷம் வந்தது. 'புஸ்' என்று ஊதியது. பஞ்சு பறந்துபோய்க் கூரையில் அப்பிக்கொண்டது.

"தோற்றாய்" என்று சொல்லி, பாசி நாக்கை நீட்டிப் பஞ்சை மீட்டுக்கொண்டு வந்தது. "கூரையிலும் படக்கூடாது, நீரிலும் விழக்கூடாது. மறுபடி ஊது."

இம்முறை சிலும்பன் வெடுக்கென்று மூச்சை இழுத்தது. பஞ்சு மூக்குக்குள் போய்விட்டது. அது தும்மிய தும்மலில் பாசியின் முகமெல்லாம் நனைந்தது.

"நீ சண்டை போடுவதுபோல மூச்சு விடுகிறாய்" என்றது பாசி, முகத்தைத் துடைத்தபடி. "மண்ணுக்கடியில் கிழங்கு இருக்கிறதா என்று எப்படி மோந்து பார்ப்பாய்?"

"மெதுவாகத்தான். அவசரப்பட்டால் மண் மூக்கில் ஏறும்."

"அப்படியே மோந்து பார். வயிறு என் வயிற்றைப்போல உப்பட்டும்." பாசி தன் வயிற்றைப் பானைபோல் உப்பிக் காட்டியது. அதைப் பார்த்து, அந்த நிலையிலும் சிலும்பனுக்குச் சிரிப்பு வந்தது. பாசி இன்னொரு பஞ்சை எடுத்து மிதக்க விட்டது. "இப்போது ஈயின் இறகைக்கூட அசைக்காத மாதிரி ஊது."

சிலும்பன் மெல்ல மோந்தது. வயிறு உப்பியது. மெல்ல, நீளமாக ஊதியது. பஞ்சு எழுந்தது, கூரைக்கும் நீருக்கும் நடுவே நின்று ஆடியது.

"நிற்கிறது!" என்று கிசுகிசுத்தது சிலும்பன். சத்தமாகச் சொன்னால் விழுந்துவிடுமே!

"பேசாதே. மோந்து பார்."

மூச்சை இழுத்தபோது பஞ்சு மூக்கை நோக்கி வந்தது.

"இடிக்கப் போகிறது. ஓர் அடி பின்னால் வை."

சிலும்பன் பின்னால் வைத்தது. ஊதியது, பஞ்சு விலகியது. இழுத்தது, பஞ்சு நெருங்கியது. மீண்டும் ஓர் அடி பின்னால். அதன் கண்கள் பஞ்சைவிட்டு அகலவே இல்லை. முதுகில் முட்கள் ஒவ்வொன்றாகச் சாய்ந்து, சீவிவிட்ட தலைமயிர்போலப் படிந்ததையும், அவை எதிலும் குத்தாமல் பாறையை உரசியபடி வழுக்கி வந்ததையும் அது அறியவில்லை. பாசியும் அதன் மூக்குக்கு எதிரே தத்தித் தத்தி வந்தது.

திடீரென்று காற்று வீசியது. பஞ்சு பறந்தே போய்விட்டது.

"என் பஞ்சை யார் எடுத்தது?" என்று கேட்டுவிட்டுச் சிலும்பன் சுற்றிலும் பார்த்தது. மேலே வானம். பக்கத்தில் கரடி. காலடியில் இருந்த இடுக்கு, கழுத்துவரை நிரம்பிய குடம்போலத் தளும்பிக்கொண்டிருந்தது.

கரடி நெஞ்சை நிமிர்த்தியது. "பார்த்தாயா? அமைதியாக இரு என்று நான் சொன்னேன். கேட்டாய், பிழைத்தாய்."

"நான் மட்டும் கை கொடுக்கவில்லையா?" என்றது குரங்கு மரத்திலிருந்து.

சிலும்பனின் முட்கள் சடசடவென்று எழத் தொடங்கின. கரடி இரண்டடி பின்வாங்கியது.

முட்கள் பாதி எழுந்த நிலையில், சிலும்பன் எங்கோ கிழங்கு இருப்பதுபோல மெல்ல மோந்தது. வயிறு உப்பியது. பிறகு, எதிரே ஒரு பஞ்சு மிதப்பதுபோல நீளமாக ஊதியது. முட்கள் படிந்தன.

"கரடியாரே, அறிவுரைக்கு நன்றி" என்றது. "அடுத்த முறை அதைக் காது கிழியாமல் சொல்லும்."

கரடிக்கு ஆத்திரத்தில் மூச்சு இரைத்தது.

"கரடியாரே," என்றது பாசி, "அந்த ஓரத்தில் எருக்கஞ்செடி காய் வெடித்து நிற்கிறது. ஒரு பஞ்சு பறித்துக்கொள்ளும். குரங்குக்கும் ஒன்று கொடும். இப்போது எல்லோரும் என் வாசலை விட்டு நகருங்கள், நான் பாட வேண்டும்."

நீதி: அதட்டல் யாருக்கும் அமைதியைத் தராது, நிதானமாக விடும் மூச்சே தரும்.